வேலம்பாளையத்துப் பையர்

கோட்டுப் போட்டிருக்கும்போது அந்த அம்மா டீ குடிக்க மாட்டார். மற்ற நேரத்தில் டீக்காக உயிரை விடுகிறவர். காலை டீ கொஞ்சம் தாமதமானால் அவர் கையில் நல்ல பனியனும் ரிஜெக்ட் ஆகிவிடும் என்று தைத்த பனியனைச் சோதிக்கிற செக்கிங் டேபிளில் உடன் நின்ற பெண்கள் சொல்வார்கள். ஆனால் சேலைக்கு மேல் அந்தக் கறுப்புக் கோட்டை மாட்டிப் பித்தானும் போட்டுவிட்டால், யார் தம்ளரை நீட்டினாலும் ஒற்றை விரலால் தள்ளிவிடுவார். தொண்டை வறண்டு குரல் கம்மிப்போனாலும் அப்படித்தான். ஒருநாள் நான் கேட்டதற்கு, "பையரு எங்கனயாவது ரோட்டுக்கடை டீயக் குடிப்பாவளா தம்பி?" என்றார். அது ஒன்றும் வேடிக்கைப் பேச்சு இல்லை. எனக்கு இதுகூடத் தெரியவில்லையே என்று வருத்தப்பட்டுச் சொன்னது.

இரண்டாயிரங்களின் நடுவில், வேலம்பாளையத்தில் ஒரு சின்னத் தொண்டு நிறுவனத்தில் நான் வேலை பார்த்தேன். ஜெராக்ஸ் கடைக்கு மேலே மாடி. பனியன் கம்பெனிக் கூலி, சாயத்தண்ணீர், உலக வர்த்தகம் மூன்றையும் ஒரே மேஜையில் வைத்துப் பேசுவோம். மேஜையும் ஒன்றுதான் இருந்தது. எங்கள் செயலாளர் ஒரு வீதி நாடகம் எழுதியிருந்தார். அதில் பையர், முதலாளி, தொழிலாளி, நொய்யல் ஆறு என்று பாத்திரங்கள். பையர் என்றால் வெளிநாட்டிலிருந்து பனியனுக்கு ஆர்டர் கொடுக்கிறவர். ஊரே அண்ணாந்து பார்க்கிற ஆள். நாடகத்தில் அவர் விலையைக் குறைப்பார்; அதனால் முதலாளி கூலியைக் குறைப்பார்; சாயக்கழிவை ஆற்றில் விடுவார்; ஆறு செத்துப்போகும். கடைசியில் தொழிலாளர்கள் எல்லோரும் எழுந்து நிற்க, பையர் பயந்து ஓடிவிடுவார்.

நான்தான் நொய்யல். நீலச்சேலையைச் சுற்றிக்கொண்டு நெளிந்து நெளிந்து வந்து, செயலாளர் சிவப்புப் பொடியைத் தூவியதும் விழுந்து சாக வேண்டும். வசனம் கிடையாது. இந்த வேடத்துக்கு உன்னை விட்டால் ஆளில்லை என்று எல்லோரும் ஒருமனதாகச் சொன்னார்கள்.

பையராக நடித்த கல்லூரி மாணவன் நிஜமாகவே ஒரு பையிங் ஆபீஸில் வேலை கிடைத்துப் போய்விட்டான். அந்தச் சமயத்தில்தான் அந்த அம்மா படியேறி வந்தார். சங்கரன்கோயில் பக்கத்துக்காரர். மகளோடு லைன் வீட்டில் குடியிருந்தார். மண்ணரையில் ஒரு கம்பெனியில் செக்கிங் வேலை. பிடித்தம் செய்த பி.எஃப். பணத்தைக் கம்பெனி கட்டவில்லை என்று கேட்க வந்தார். நல்ல உயரம், கறுப்பு, அகலமான தோள். வாசலில் நின்றால் வெளிச்சம் குறையும். செயலாளர் மனு எழுதிக்கொடுத்துவிட்டு, போகிற போக்கில், "நாடகத்துல நடிக்கிறீங்களாம்மா?" என்று கேட்டார்.

"என்ன வேசம் சாரு?"

"வெள்ளைக்காரங்க வேஷம்."

அவர் தன் முழங்கையைத் திருப்பிப் பார்த்தார். "நெறம் பத்துமா?" என்றார்.

ஈரோடு சந்தையில் பழைய கறுப்புக் கோட்டு ஒன்றை வாங்கினோம். வேடத்துக்கு ஆங்கிலம் வேண்டுமே என்று செயலாளர் கவலைப்பட்டார். அந்த அம்மாவுக்குக் கவலையே இல்லை. பனியன் கழுத்தில் தைக்கிற லேபிளில் எப்படித் துவைக்க வேண்டும், எப்படிக் காயப்போட வேண்டும் என்று அச்சடித்திருக்கும் அல்லவா? வருஷக்கணக்காக அதைத் தடவித் தடவிப் பார்த்த கை. மகளை விட்டு வாசிக்கச் சொல்லி அத்தனையும் மனப்பாடம். கோபம் வந்தால், "டூ நாட் பிளீச்!" ரொம்பக் கோபம் வந்தால், "வாஷ் செப்பரேட்லி!" இரக்கம் வந்தால் குரலைத் தாழ்த்தி, "லைன் டிரை இன் ஷேட்." சத்தியமாகச் சொல்கிறேன், அந்தக் குரலைக் கேட்டவர்களுக்கு அர்த்தம் தேவைப்படவில்லை.

முதல் நாடகம் மண்ணரையில், மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில். அவர் கூட்டத்துக்குள் நடந்தார். ஒருவருடைய சட்டைக் காலரை இழுத்தார், இன்னொருவருடைய கைமடிப்பை விரித்துத் தையலைப் பார்த்தார், "ரிஜெக்ட்" என்று அவரைத் தனியாக நிற்க வைத்தார். அவரும் நின்றார். முதலாளி வேடம் போட்டிருந்த எங்கள் கணக்கர் வசனம் மறந்துபோய்க் கும்பிட்டார். கடைசிக் கட்டம் வந்தது. தொழிலாளர்கள் எழுந்து கோஷம் போட்டார்கள். அவர் ஓட வேண்டும். ஓடவில்லை. மறுபடியும் கோஷம் போட்டார்கள். அவர் கடிகாரமில்லாத மணிக்கட்டைத் திருப்பி மணி பார்த்தார். ஆறாகிய நான் செத்துக் கிடந்தேன். காலில் எறும்பு ஏறிக்கொண்டிருந்தது.

"ஓடுங்கம்மா" என்று செயலாளர் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார்.

"என்னத்துக்கு? இன்னும் ஒரு முடிவுக்கு வரலல்லா" என்று அவரும் உதடு அசையாமல் சொன்னார்.

சாப்பாட்டு நேரம் முடிந்து சங்கு ஊதியது. கூட்டம் கலைந்தது. நாடகம் அப்படித்தான் முடிந்தது.

அவருடைய குணமே அப்படித்தான். ஒரு வேஷத்தை எடுத்தால், அந்தக் காரியம் முடிந்தது என்று அவருக்கே தோன்றுகிற வரைக்கும் இறங்க மாட்டார். சாமளாபுரத்தில் நாடகம் போட்ட அன்று, விசைத்தறி ஓட்டுகிற பெரியவர் ஒருவர் நாடகம் முடிந்ததும் அவர் முன்னால் வந்து துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, நூல் விலை ஏறிவிட்டது, கூலி மட்டும் ஏறவே இல்லை என்று முறையிட ஆரம்பித்துவிட்டார். கோட்டு இன்னும் உடம்பில் இருந்தது. அம்மா நின்று முழுவதையும் கேட்டார். கேட்டுவிட்டு, "லைன் டிரை இன் ஷேட்" என்றார்.

பெரியவர் என் பக்கம் திரும்பினார். "என்னங் தம்பி சொல்றாங்க?"

"யோசிச்சுச் சொல்றேங்கறாங்க."

"இது போதுமுங்க. இதுவரைக்கும் ஒருத்தரும் எங்ககிட்ட இந்தளவுக்குக்கூடச் சொன்னதில்லீங்க" என்று கண் கலங்கிப் போனார். அன்று முதல் ஆறு வேடத்தோடு மொழிபெயர்ப்பும் என் தலையில் விழுந்தது.

செயலாளருக்கு நிம்மதி போயிற்று. இதற்கென்றே ஒரு கூட்டம் கூட்டினார். "ஜனங்க வெறுக்க வேண்டிய பாத்திரம் அது. இங்க என்னடான்னா அதைப் பார்க்கத்தான் வர்றாங்க. மனு குடுக்கிறாங்க. நாம என்ன அரசியலைக் கொண்டுபோய்ச் சேர்க்கிறோம்?"

"நான் நல்லா நடிக்கலையா சாரு?" என்று அம்மா கேட்டார்.

"நல்லா நடிக்கிறீங்க. அதுதாம்மா பிரச்சினை."

அடுத்த வாரம் ஒரு பெரிய பனியன் கம்பெனி வாசலில் போட்டோம். வேண்டுமென்றேதான் அந்தக் கம்பெனியைத் தேர்ந்தெடுத்தோம். அங்கே ராத்திரி ஷிப்ட் நடக்கிறது, கழிப்பறையைப் பூட்டி வைக்கிறார்கள் என்று புகார் வந்திருந்தது. மறுநாள் காலை அந்த முதலாளியின் கார் ஜெராக்ஸ் கடை வாசலில் வந்து நின்றது. சண்டைக்கு வருகிறார் என்று நினைத்துச் செயலாளர் தொழிலாளர் சட்டப் புத்தகத்தைக் கையில் எடுத்துக்கொண்டார். முதலாளி செருப்பைப் படிக்கட்டிலேயே விட்டுவிட்டு மேலே வந்தார்.

"ஏனுங்க, அந்தப் பையர் அம்மணி இருக்காங்களா?"

அவர் கம்பெனிக்கு அடுத்த மாதம் வெளிநாட்டிலிருந்து ஆடிட் வருகிறது; வேலை நேரம், கழிப்பறை எல்லாம் ஒழுங்காக இருக்கிறதா என்று பையருக்காகச் சோதிக்க ஆள் வருவார். போன தடவை வெள்ளைக்காரரைக் கண்டதும் தொழிலாளர்கள் வெலவெலத்துப்போய்ச் சொல்லிக்கொடுத்த பதிலை மறந்துவிட்டார்களாம். மேனேஜருக்கு மயக்கமே வந்துவிட்டதாம். "எனக்கே கையி காலெல்லாம் நடுங்கிருச்சுங்க. நேத்து அம்மணியப் பாத்தப்பவும் அதே நடுக்கமுங்க. ஒருக்கா வந்து ரிகர்சல் பண்ணிக் குடுத்தாங்கன்னா அல்லாருக்கும் பயம் தெளிஞ்சுரும் பாருங்க."

"ஆடிட்டை ஏமாத்த நாங்க ஒத்திகை பார்த்துத் தரணுமா?" என்று செயலாளர் எழுந்துவிட்டார். அம்மாவைப் பார்த்து, "நீங்க போகக் கூடாதும்மா" என்றார்.

"நீங்க இத்தன நாளா கேட்டுக்கு வெளிய நின்னு கத்துதீய. உள்ள விட்டாவளா சாரு? என்னையக் காரு கொண்டாந்து கூப்பிடுதாவ. நான் போவேன்" என்றார் அம்மா. என்னைப் பார்த்து, "தம்பி, நீயும் வா. நான் பேசுதத அவுகளுக்குச் சொல்ல ஆளு வேணும்லா."

நான் போனேன். செயலாளர் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

கம்பெனியில் எல்லோரிடமும் முன்பே சொல்லியிருந்தார்கள்: இது ரிகர்சல், சும்மா வந்து கேள்வி கேட்பார்கள், சொல்லிக்கொடுத்த பதிலைச் சொல்லுங்கள் என்று. அம்மா காரிலிருந்து இறங்கினார். செக்யூரிட்டி சல்யூட் அடித்தார். அவர் பாட்டுக்குத் தையல் வரிசைகளுக்கு நடுவே நடந்தார். யாரையும் எதுவும் கேட்கவில்லை. பின்பக்கம் போய்க் கழிப்பறைக் கதவின் முன்னால் நின்றார். பூட்டு தொங்கியது.

"வாஷ் செப்பரேட்லி?"

"ஏன் பூட்டியிருக்குன்னு கேக்கறாங்க" என்றேன்.

"அது ஆடிட் அன்னிக்குத் தெறந்துருவோமுங்க, மேடம்" என்றார் முதலாளி. வரும்போது அம்மணி. இப்போது மேடம்.

அம்மா சுற்றிலும் பார்த்தார். ஒரு பையன் உட்கார்ந்திருந்த ஸ்டூலை இழுத்துக் கதவுக்கு எதிரே போட்டு உட்கார்ந்துகொண்டார். முதலாளி சிரித்துப் பார்த்தார். இளநீர் வரவழைத்தார். அம்மா விரலால் தள்ளிவிட்டார். தையல் மெஷின்கள் ஒவ்வொன்றாக நின்றன. எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கடைசியில் மேனேஜர் ஓடிப்போய்ச் சாவியைக் கொண்டுவந்தார். பூட்டைத் திறந்ததும் அம்மா கையை நீட்டினார். பூட்டையும் சாவியையும் கைப்பையில் போட்டுக்கொண்டார். அடுத்து, அவசர வழியை அடைத்து அட்டைப்பெட்டிகள் அடுக்கியிருந்த இடம். குழந்தைகளின் ராத்திரிச் சட்டையில் வருகிற லேபிள் வாசகம் அதற்கென்றே அச்சடித்தது போல இருந்தது: "கீப் அவே ஃப்ரம் ஃபயர்!" பெட்டிகள் இடம் மாறின.

"ரிகர்சல் முடிஞ்சுதுங்களா?" என்று முதலாளி கேட்டார். வேர்வையில் சட்டை ஒட்டியிருந்தது.

"ரிஜெக்ட்" என்றார் அம்மா.

"அடுத்த வாரம் மறுபடி வந்து பாப்பாங்களாம்" என்றேன்.

முதலாளி என்னைத் தனியே இழுத்துக்கொண்டு போனார். "கண்ணு, அவங்க நெசமான பையர் இல்லதானுங்களே?" என்று ரகசியமாகக் கேட்டார். நான் இல்லை என்றேன். "அதானே" என்று தலையாட்டினார். திரும்பி வந்து அம்மாவுக்குக் கார்க் கதவைத் திறந்துவிட்டார்.

விஷயம் பரவியது. வேறு கம்பெனிகளும் கூப்பிட்டன. ஞாயிற்றுக்கிழமைகளில் அந்த அம்மா கோட்டு மாட்டிக் கிளம்புவார். சில இடங்களில் குடிதண்ணீர்க் குழாய் வந்தது. சில இடங்களில் பஞ்சுத் தூசிக்கு முகமூடி வந்தது. ஒரு சாயப்பட்டறைக்கும் போனோம். அங்கே கழிவுநீரைச் சுத்தம் பண்ணுகிற இயந்திரம் ஆள் வந்தால் மட்டும் ஓடும். அம்மா வந்ததும் ஓடவிட்டார்கள். அவர் அதன் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார். "கரண்டு பில்லு ஏறுதுங்க மேடம், கெளம்பலாமுங்களா?" என்று பட்டறைக்காரர் மணிக்கொரு தரம் வந்து கெஞ்சினார். பொழுது சாய்கிற வரைக்கும் எழுந்திருக்கவில்லை. அன்று ஒருநாள் அந்த வாய்க்காலில் வெளுத்த தண்ணீர் போனது. நொய்யலாக அத்தனை தடவை செத்தவன் நான். கரையில் நின்று அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"இதெல்லாம் வேஷம் கலைஞ்சா போயிடும்" என்றார் செயலாளர். அவர் சொன்னது தப்பில்லை. மறுநாள் வாய்க்கால் மறுபடி சிவப்பாகத்தான் ஓடியது.

ஆடிட் நாள் வந்தது. நிஜமான ஆடிட்டர் ஒரு வெளிநாட்டு இளம்பெண். முதுகில் பை, மூக்கில் வெயில் பட்ட சிவப்பு. எல்லோருக்கும் வணக்கம் சொன்னார். தரையில் உட்கார்ந்து தொழிலாளர்களோடு டீ குடித்தார். இன்னொரு தம்ளரும் கேட்டு வாங்கினார். அதைப் பார்த்ததும் தொழிலாளர்களுக்கு எல்லாம் தெளிவாகிவிட்டது. இதுதான் ரிகர்சல். அன்றைக்குக் கோட்டோடு வந்தவர்தான் நிஜம். எந்த ரிகர்சலுக்குக் கழிப்பறையைத் திறந்துவிட்டிருக்கிறார்கள்? பூட்டைப் பிடுங்கிக்கொண்டு போனவர் நடிகையா, அழுக்குக் கால்சட்டையோடு வந்து சிரிக்கிற இந்தப் பிள்ளை நடிகையா?

"பாவம், புதுசு போல இருக்கு" என்றாளாம் ஓவர்லாக் மெஷினில் தைக்கிற பெண் ஒருத்தி. உதவி பண்ணுகிற நல்லெண்ணத்தில் ஆளுக்கு ஆள் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். "இப்படிச் சிரிக்கக் கூடாதுங்க. நெசமான பையர் வந்தா, எட்டு மணி நேரந்தான் வேலைன்னு நாங்க சொல்லணும். உள்ளபடி ராத்திரி ஷிப்டும் சேத்துப் பாக்கறோம். அதை உங்ககிட்ட மட்டும் சொல்றோம்." சென்னையிலிருந்து வந்திருந்த மொழிபெயர்ப்பாளர் ஒரு வார்த்தை விடாமல் ஆங்கிலத்தில் சொன்னார். முதலாளி அப்போது தன் அறையில் முருகன் படத்துக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தார்.

கொஞ்ச நாளில் ஆர்டர் ரத்தாகி வேறு நாட்டுக்குப் போய்விட்டது. தையல் வரிசையில் பாதிப் பேரை நிறுத்தினார்கள்.

அவர்கள் எங்கள் அலுவலகத்துக்கு வரவில்லை. நேராக அந்த அம்மாவின் லைன் வீட்டுக்குப் போனார்கள். தகவல் தெரிந்து நானும் செயலாளரும் ஓடினோம். சந்து முழுக்கப் பெண்கள். அம்மா படியில் உட்கார்ந்திருந்தார். வீட்டுச் சேலை, கையில் பாதி உரித்த பூண்டு.

"அந்த ஆர்டரை மட்டும் எப்படியாச்சும் திருப்பிக் குடுத்துருங்கம்மா" என்றாள் ஒருத்தி.

"ஏ பிள்ள, நான் செக்கிங்காரிட்டி. ஒன்னையப் போலத்தான் கூலிக்கு நிக்கேன்."

"தெரியுமுங்கம்மா. இருந்தாலும்…"

அந்த 'இருந்தாலும்'தான் அவரை உலுக்கிவிட்டது. அவர் பயந்து நான் பார்த்தது அன்றைக்குத்தான். "நான் வேசம் போட்டதுக்கு இதுக வயித்துல அடி விழுந்துட்டே தம்பி" என்றார். அதற்குள் சந்து முனையில் ஒரு கார் வந்து நின்றது. முதலாளி இறங்கி வந்தார். எல்லோரையும்விட உண்மை தெரிந்தவர் அவர். வந்து கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"அம்மணி, நீங்க ஒரு வார்த்தை சொன்னீங்கன்னா…"

அம்மா பூண்டைக் கீழே வைத்தார். "கோட்ட எடுத்துட்டு வா" என்றார் என்னிடம். செயலாளர் இந்தத் தடவை தடுக்கவில்லை. அவரே கோட்டை உதறிப் பிடித்துக்கொண்டார், அம்மா கையை நுழைக்க.

முதலாளியின் காரில் நாங்களும், கம்பெனி வேனில் அந்தப் பெண்களுமாக அவிநாசி ரோட்டில் இருந்த பையிங் ஆபீஸுக்குப் போனோம். வெளிநாட்டு ஆர்டர்களை வாங்கிக் கம்பெனிகளுக்குக் கொடுக்கிற இடம் அது. வாசலில் காவலாளி கோட்டைப் பார்த்துக் கேட்டைத் திறந்தார். குளிரூட்டிய அறையில் ஏஜென்ட்டும், மற்றக் கம்பெனிகளையும் பார்த்து முடித்து, ஊர் திரும்பப் பெட்டியோடு கிளம்பிய அந்த ஆடிட்டர் பெண்ணும் இருந்தார்கள். அம்மா உள்ளே நுழைந்ததும் ஆடிட்டர் பெண் சட்டென்று எழுந்து நின்றுவிட்டார். தலைமை அலுவலகத்திலிருந்து யாரோ வந்துவிட்டதாக நினைத்ததாகப் பிற்பாடு சொன்னார்.

அன்று அம்மா லேபிள் பேசவில்லை. முதல்முறையாகக் கோட்டுக்குள்ளிருந்து சங்கரன்கோயில் தமிழ் வந்தது.

"நீ எழுதுனதுல பொய் இல்ல தாயி. இதுக சொன்னதும் பொய் இல்ல. ராத்திரி ஷிப்டு உண்டுந்தான். ஆனா ஒரு பனியன்ல தையல் விட்டுப்போனா, ஆல்ட்ரேசன்னு ஒதுக்கி வப்போம். திருப்பித் தச்சுக் குடுப்பாவ. நீ கம்பெனியவே தூக்கிக் குப்பையில போட்டுட்டியே. நல்லது செய்யத்தான வந்த?"

எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னேன். அந்தப் பெண்ணின் முகம் முழுக்கச் சிவந்துபோனது. ஆர்டரை ரத்து செய்தது நான் இல்லை என்றார். பார்த்ததை எழுதினேன், திருத்தச் சொல்வார்கள் என்றுதான் நினைத்தேன். நான் ஒரு சோதனைக் கம்பெனியில் சம்பளத்துக்கு வேலை பார்க்கிறவள். பையரை நான் பார்த்ததே இல்லை என்றும் சொன்னார்.

"அப்போ இவுகளா?" என்று அம்மா ஏஜென்ட்டைக் காட்டினார்.

"ஐயோ, நான் இல்லீங்க. எனக்கு மெயில் வரும். நான் அதைக் கம்பெனிக்கு அனுப்புவேன். அவ்வளவுதான்."

"மெயிலு யாரு போடுதா?"

"ஹெட் ஆபீஸுங்க. பேரு இருக்காது. சிஸ்டத்துலருந்து வரும்."

அம்மா நிதானமாகக் கேட்டார். "அப்போ யாருதான் பையரு?"

மொழிபெயர்த்தேன். ஆடிட்டர் பெண் ஏஜென்ட்டைப் பார்த்தார். ஏஜென்ட் முதலாளியைப் பார்த்தார். முதலாளி, பழக்கதோஷத்தில், எங்கள் அம்மாவைப் பார்த்தார்.

சிரிக்க வேண்டிய இடம். யாரும் சிரிக்கவில்லை. ஆடிட்டர் பெண் பெட்டியைக் கீழே வைத்துவிட்டுக் கணினியைத் திறந்தார். குறைகளைச் சரிசெய்ய அவகாசம் தரலாம், தொழிலாளர்களே அதைக் கேட்கிறார்கள் என்று கூடுதலாக ஓர் அறிக்கை எழுதி எங்கள் முன்னாலேயே அனுப்பினார். செயலாளரும் தன் பங்குக்கு வெளிநாட்டில் தெரிந்த நுகர்வோர் அமைப்புகளுக்கெல்லாம் எழுதினார். ஆளில்லாத தையல் வரிசை கொஞ்ச காலம் தூசி பிடித்துக் கிடந்தது. பிறகு ஆர்டர் திரும்பி வந்தது. விலையைக் குறைத்து அனுப்பியிருந்தார்கள். கம்பெனியில் குறைபாடுகள் இருந்ததால் விலைக் குறைப்பாம்.

முதலாளி ஸ்வீட் பெட்டியோடு வந்து எங்கள் மாடியில் உட்கார்ந்து அழுதார். சந்தோஷமா துக்கமா என்று அவருக்கே பிடிபடவில்லை. செயலாளர் நாடகத்தைத் திருத்தி எழுத உட்கார்ந்தார். கடைசியில் ஓட வேண்டிய ஆள் யார் என்பது அவருக்குப் பிடிபடவே இல்லை.

அந்த அம்மா அதன் பிறகு கோட்டைத் தொடவில்லை. மண்ணரை வேலையை விட்டுவிட்டு, இதே முதலாளியின் கம்பெனியில் செக்கிங்குக்குச் சேர்ந்தார். முதலாளிக்குத்தான் சங்கடம். "உங்களப் போயி நான் எப்படிங்க வேலை வாங்கறது?" என்று தயங்கினாராம். "ஆல்ட்ரேசன் முடியுத வரைக்கும் பக்கத்துல இருக்கணும்லா மொதலாளி" என்றாராம் இவர். ராத்திரி ஷிப்ட் வாரத்தில் சில நாட்களாகக் குறைந்தது. முழுக்க நிற்கவில்லை. அந்த விலைக்கு முழுக்க நிறுத்தினால் கட்டாது என்றார் முதலாளி. கணக்கில் அவர் பொய் சொல்லவில்லை என்பதுதான் கொடுமை.

மறு ஆடிட்டுக்கு வேறொருவர் வந்தார். சென்னை ஆள், தமிழ் தெரிந்தவர். நடந்ததை ஓவர்லாக் தைக்கிற பெண் எனக்குச் சொன்னாள். அவர் வரிசையாகப் பார்த்துக்கொண்டே வந்து, செக்கிங் டேபிளில் நின்ற உயரமான அம்மாவிடம் யதேச்சையாகக் கேட்டிருக்கிறார்.

"உங்களுக்குக் கம்பெனியில ஏதாவது குறை இருக்காம்மா?"

முதலாளி கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் நின்றிருந்தார். மெஷின்கள் நின்றன. 'ஒண்ணும் இல்லீங்க' என்பதுதான் அங்கே எல்லோரும் படித்திருந்த பதில்.

"இருக்கு" என்றாராம் அம்மா. "கம்பெனியில இருக்கத நாங்க பேசிக்கிடுவோம். பேசிக்கிட்டுத்தான் இருக்கோம். கொறை ஒங்க மேல. வெலையக் கொறச்சிட்டு, கக்கூசு தொறந்திருக்கா, ராத்திரி வேல உண்டான்னு பாக்க ஆளு அனுப்புதீயல்லா? அத எழுதிக்கிடுங்க."

அந்த மனிதர் கையிலிருந்த தாள்களைப் புரட்டிப் பார்த்தார். எல்லாக் கேள்வியும் கம்பெனியைப் பற்றித்தான். கேட்கிறவரைப் பற்றி எழுத அதில் ஒரு வரிகூட இல்லை.

"அதுக்கு இதுல இடம் இல்லம்மா."

அம்மா அந்தத் தாளை வாங்கித் திருப்பி டேபிளில் வைத்து, கசங்காமல் தடவிவிட்டு, இரண்டு மூலையையும் விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டார். பின்பக்கம் வெள்ளையாக இருந்தது.

"பைய எழுதுங்க. நான் பிடிச்சுக்கிடுதேன்."

எழுதினாரா என்று அந்தப் பெண்ணிடம் கேட்டேன். எழுதினார் என்றாள். ஆங்கிலத்தில் எழுதியிருக்கிறார். அம்மா அதைத் தமிழில் சொல்லச் சொல்லியிருக்கிறார். சொன்னார். இன்னொரு தரம், பின்வரிசைக்கும் கேட்கிற மாதிரி சொல்லச் சொல்லியிருக்கிறார். அதையும் சொன்னார். அதற்குப் பிறகுதான் தாளிலிருந்து விரலை எடுத்தாராம்.